வாடிப்பட்டிக்கு நேர் வடக்கே

சித்திரை மாதத்து வெயிலைப் பற்றி மதுரை ஜில்லாவாசிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கே சிறுமலையின் பாறைகள் கண்ணைக் கூசச் செய்யும். அப்பேர்ப்பட்ட ஒரு காலை வேளையில், கையில் குடையும் பின்னால் ஏழெட்டு மாணவர்களுமாக நாம் ஊர்க் கண்மாய்க்குப் புறப்பட்டதைக் கண்ட பெட்டிக்கடைக்காரர், "லீவிலாவது பிள்ளைகளைச் சும்மா விடக் கூடாதா, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் சிரித்துக்கொண்டே நடந்தோம்.

நாம் போனது விருந்தாளிகளை வழியனுப்புவதற்காக. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய், சித்திரை பிறக்கும்போது நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். குட்டையைச் சுற்றி ஈரச் சேறு வளையமிட்டதுபோல் கிடக்கும். அந்தச் சேற்றின்மேல், சாவி கொடுத்த பொம்மைகளைப்போல் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன சில பறவைகள். கறுத்த கால், கறுத்த அலகு, வெள்ளை வயிறு; உருவம் சிட்டுக்குருவிக்கு மிக மிஞ்சாது. கொசு உள்ளான் என்று அதற்குப் பெயர். பெயர் வைத்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்கவேண்டும். அதன் எடை சுமார் இருபத்தைந்து கிராம். ஒரு கைப்பிடி அரிசிகூட அதைவிடக் கனக்கும்.

மார்கழியில் பார்த்தபோது இதே பறவைகள் சாம்பல் பூசினாற்போல் மங்கலாக இருந்தன. இப்போதோ தலையிலும் முதுகிலும் செம்மண் நிறம் படர்ந்திருந்தது. கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்கள் புதுத்துணி உடுத்திக்கொண்டதுபோலத்தான். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தார். "அக்கினி நட்சத்திரத்துக்கு முந்திப் போயிடும், வாத்தியாரய்யா. எங்கே போகுதுன்னுதான் தெரியாது" என்றார்.

உடனே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பிடித்துக்கொண்டான். "ஸார், அது எங்கே போய் முட்டையிடும்?"

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வருஷங்களுக்கு முன் இதே கேள்வியை இன்னொரு பையன் கேட்டான். "இமயமலையில்" என்று சற்றும் தயங்காமல் பதில் சொன்னோம். அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களில் யாரேனும் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து தங்கள் நோட்டுப் புத்தகத்தில் அந்த விடையை அடித்துவிட்டு, கீழே வருவதை எழுதிக்கொள்ளும்படி வேண்டுகிறோம். இமயமலை அந்தப் பறவைக்குப் பாதி வழிகூட இல்லை.

படத்தில் ஒரு கோடு

மறுநாள் பூகோளப் படத்தை விரித்து, வாடிப்பட்டியில் பென்சிலை வைத்து, நேர் வடக்கே ஒரு கோடு இழுக்கச் சொன்னோம். நமது ஊர் கிழக்குத் தீர்க்கரேகை 78 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கோடு முதலில் திண்டுக்கல்லைத் தொடுகிறது. பிறகு ஆக்ரா, பிறகு டேராடூன். லடாக்கின் பனிமலைகளைத் தாண்டி, தக்லமக்கான் பாலைவனத்தின் மேல் ஓரமாகச் சென்று, இஸ்ஸிக் குல், பல்காஷ் என்ற இரண்டு பெரிய ஏரிகளைக் கடக்கிறது. அதன்பின் கஸாக் புல்வெளி, சைபீரியாவின் சதுப்பு நிலங்கள், ஊசியிலைக் காடுகள். கடைசியில் மரங்கள் குட்டையாகி, அருகி, அடியோடு மறைந்தும் போகின்றன. ஓப், யெனிசி என்ற இரண்டு மகாநதிகளின் முகத்துவாரங்களுக்கு இடையே, காரா சமுத்திரத்தின் ஓரத்தில் கோடு முடிகிறது. தூரம் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். பூகோள சாஸ்திரத்தில் தூந்திரப் பிரதேசம் என்று நாம் படித்தது இதுதான்.

பறவை இந்தக் கோட்டின்மேலேயே பறக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். காற்றுக்கும் தண்ணீருக்கும் தக்கபடி வளைந்தும் தங்கியும் அது போகும். ஆனால் கொசு உள்ளான் முட்டையிடும் தேசம் ஸ்காண்டிநேவியாவின் வடகோடியிலிருந்து கிழக்கே சைபீரியாவின் வடகரை நெடுகிலும் பரவியிருக்கிறது. நமது கோடு அதன் நடுவே போய் விழுகிறது. நமக்கு உச்சி வெயில் அடிக்கும் அதே வேளையில் அங்கும் சூரியன் உச்சிக்கு வருகிறான். அந்த வகையில் அந்த ஊரார் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே.

பனி உருகும் பதினைந்து நாள்

அங்கே மே மாதம் வரை நிலம் வெள்ளைப் போர்வைக்குள் கிடக்கிறது. மே மாத நடுவிலேயே சூரியன் அஸ்தமிப்பதை நிறுத்திவிடுகிறான். ஜூலைக் கடைசி வரை நள்ளிரவிலும் வடதிசை அடிவானத்தில் அவன் நிற்கிறான். நமக்கோ ஆண்டின் மிக நீண்ட பகற்பொழுதுகூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை எட்டுவதில்லை. இத்தனை வெளிச்சம் இருந்தும் ஜூன் மாதத்தில் கடற்கரையோரம் சராசரி உஷ்ணம் உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. காலையில் வெயில், மத்தியானம் மூடுபனி, மாலையில் பனித்தூறல், மறுபடியும் வெயில். மேலாடையைக் கழற்றுவதா, போர்த்துவதா என்று அங்கே போகிறவர்கள் திண்டாடுவார்களாம்.

இப்படி ஜூன் மாதம் நடக்கும்போது நிலம் திடீரென்று விழித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்குள் பனி உருகி, பாசியும் புல்லும் முழங்காலுயரச் செடிகளும் வெளிப்படுகின்றன. எங்கு பார்த்தாலும் தண்ணீர். இதில் ஒரு விந்தை இருக்கிறது. அந்தப் பிரதேசத்தில் பெய்யும் பனியையும் மழையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மதுரையில் பெய்யும் மழையில் பாதியை எட்டாது. பிறகு அத்தனை குளம் குட்டைகள் எப்படி உண்டாயின? மேலே இரண்டொரு முழத்துக்குத்தான் மண் இளகுகிறது. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்த மண், கல்போல் இறுகிக் கிடக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. குளிரில் ஆவியாகவும் நேரமில்லை. ஆகவே பள்ளம் கண்ட இடமெல்லாம் குளம்.

இதைச் சொன்னபோது பையன்களில் ஒருவன், "அப்போ அது இயற்கை வெட்டின கண்மாய், ஸார்" என்றான். நாம் ஒரு பக்கம் எழுதியும் விளங்க வைக்க முடியாததை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். நம் முன்னோர் மழையைக் கரை கட்டி நிறுத்தினார்கள். அங்கே உறைந்த மண்ணே அந்த வேலையைச் செய்கிறது. பறவை இரண்டையும் வேறாகப் பார்ப்பதில்லை. ஆழமில்லாத தண்ணீர், ஓரத்திலே சேறு, சேற்றிலே புழு பூச்சி: அதற்கு இவ்வளவே தேவை.

பார்க்கப் போனவர்கள்

பறவைகளைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பிரதேசத்துக்குப் போனவர்களில் ஹென்றி ஸீபோம் என்பவர் ஒருவர். இங்கிலாந்தில் எஃகுத் தொழில் செய்தவர். அவரும் ஹார்வி-பிரவுன் என்ற நண்பரும் 1875ஆம் ஆண்டில் ருஷியாவின் பெச்சோரா நதிக்குப் போய், கோடையில் கொசு உள்ளானின் கூட்டைக் கண்டார்கள். 1877ஆம் ஆண்டில் அவர் யெனிசி நதிக்கும் சென்றார். ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்த நதியின் பனிக்கட்டி உடைந்தது. பாளம் பாளமாக மோதி, நொறுங்கி, வெள்ளத்தில் போய்த் தீர ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. அந்த நாட்களிலேயே தெற்கிலிருந்து பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. பிறகு கொசுக்களும் வந்தன. அந்தக் கொசுக்களை அவர் தமது புத்தகத்தில் மறக்காமல் திட்டியிருக்கிறார்.

கொசு உள்ளானுக்கு ஓர் உறவுக்காரப் பறவை உண்டு. அலகு சற்று நீண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கும். கோடியக்கரை உப்பளங்களில் அதை நன்றாகப் பார்க்கலாம். அது எங்கே முட்டையிடுகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 1897ஆம் ஆண்டில்தான் பாப்ஹம் என்ற ஆங்கிலேயர் யெனிசி முகத்துவாரத்தில் அதன் முட்டைகளை ஐயமறக் கண்டார். பெரியாற்று அணை கட்டி மலைக்கு அப்பாலிருந்த நீர் வைகைப் படுகைக்கு வந்தது 1895ஆம் ஆண்டில். நம் வயல்களுக்குத் தண்ணீர் வந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகே, நம் கரைக்கு வரும் பறவையின் பிறந்தகம் உலகத்துக்குத் தெரிந்தது.

1914ஆம் ஆண்டில் மாட் ஹாவிலண்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, மானிட சாஸ்திரம் பயின்ற மரியா சாப்லிக்காவுடன் யெனிசியில் படகேறி, கோல்ச்சிகா என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். ஈரத் தரையில் மணிக்கணக்காகக் காத்திருந்து உள்ளான்களின் குடும்ப வாழ்க்கையைக் குறித்துக்கொண்டார். அந்த ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. மனிதர்கள் எல்லைகளுக்காக ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த அதே வாரங்களில், எந்த எல்லையும் அறியாத குஞ்சுகள் தெற்கு நோக்கிப் புறப்பட்டன.

நம் தேசத்தாரும் இப்போது வடதுருவப் பக்கம் போய் வருகிறார்கள். ஸ்வால்பார்ட் தீவுகளைப் பற்றி 1920ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் இந்தியாவின் பெயரும் இருந்தது. ஆனால் நமக்காகக் கையெழுத்திட்டவர் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரதிநிதி. 88 வருஷம் கழித்து, 2008ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று, அத்தீவுகளில் நி-ஆலெசுன் என்னும் இடத்தில் 'ஹிமாத்ரி' என்ற ஆராய்ச்சி நிலையத்தைச் சுதந்திர இந்தியா திறந்தது. நம் விஞ்ஞானிகள் அங்கே பனியையும் மேகத்தையும் கடலையும் அளக்கிறார்கள். வடதுருவத்துப் பனி குறைவதற்கும் நம் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்றும் ஆராய்கிறார்கள். கோடையில் அந்த ஊர் வழியோரங்களிலேயே ஆலாப் பறவைகள் முட்டையிடும். அருகே நடப்பவர்களின் தலையைக் கொத்த வரும். எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும் தலைக்குமேல் ஒரு கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும்!

இரண்டு தொட்டில்

கொசு உள்ளானின் இல்லறம் விசித்திரமானது. பெண் பறவை தரையில் ஒரு சிறு பள்ளத்தில் நான்கு முட்டை இட்டு, அதை ஆணிடம் ஒப்படைக்கிறது. பிறகு வேறோர் இடத்தில் இன்னும் நான்கு முட்டை இட்டு, அதைத் தானே அடைகாக்கிறது. நான்கு முட்டைகளின் எடை ஏறத்தாழத் தாயின் எடைக்குச் சமம்! கோடை குறுகியது; ஒரு கூட்டை நம்பி உட்கார முடியாது. ஆகவே ஒரே சமயத்தில் இரண்டு தொட்டில். மூன்று வாரத்தில் குஞ்சு பொரிகிறது. பொரிந்த மறுநாளே குஞ்சுகள் ஓடியாடித் தாமே பூச்சி பிடிக்கத் தொடங்குகின்றன. தாயோ தந்தையோ ஊட்டுவதில்லை. குளிர் அடிக்கும்போது மட்டும் அணைத்துக்கொள்ளும்.

குஞ்சுக்கு ஆகாரம் அந்தப் பிரசித்தி பெற்ற கொசுவும் அதன் உறவினர்களுமே. பனி உருகிச் சில வாரத்துக்குள் பூச்சிகள் பெருகும், பிறகு குறைந்துவிடும். அந்த வாரங்களும் குஞ்சு பொரிக்கும் நாளும் ஒத்துப்போக வேண்டும். இதற்கு மேல் பனிநரியின் பயம் வேறு. தூந்திரத்தில் லெம்மிங் என்ற எலி இனம் சில வருஷங்களில் மிகப் பெருகும். அப்போது நரிக்கு எலியே போதும், முட்டைகள் தப்பும். எலி குறைந்த வருஷத்தில் நரி கூடுகளைத் தேடிப் புறப்படும். அடுத்த மார்கழியில் நம் நாட்டுக் கரைகளுக்கு எத்தனை இளம் பறவைகள் வரும் என்பதை சைபீரியாவின் எலிகள் ஓரளவு தீர்மானிக்கின்றன என்று சொன்னால் நம்ப முடிகிறதா?

இவையெல்லாம் எப்படித் தெரிந்தன? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் தூணாக விளங்கியவர் சாலிம் அலி. அவர் தலைமையில் 1959ஆம் ஆண்டு முதல், உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியோடு, வலசை வரும் பறவைகளைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையமிட்டு விடும் பணி பெரிய அளவில் நடந்தது. கோடியக்கரை அந்தப் பணியின் முக்கியத் தலங்களில் ஒன்று. இங்கே மாட்டிய வளையங்களிற் சில ருஷிய தேசத்தில் கிடைத்தன. அஞ்சல் தலை ஒட்டாத கடிதங்கள் அவை.

கலங்கும் பருவம்

இனி, கவலை தரும் செய்தி. 1979ஆம் ஆண்டிலிருந்து வடதுருவப் பிரதேசம் உலக சராசரியைப்போல் சுமார் நான்கு மடங்கு வேகமாகச் சூடேறி வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, துருவ வட்டத்துக்குள் இருக்கும் வெர்கோயான்ஸ்க் என்ற ஊரில் உஷ்ணமானி 38 டிகிரி காட்டிற்று. உலக வானிலை ஸ்தாபனம் அதைச் சரிபார்த்து உறுதி செய்தது. 38 டிகிரி என்றால் மதுரை வெயில்!

பனி முந்தி உருகினால் பூச்சியும் முந்திப் பெருகும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் நம் கண்மாயில் இருக்கும் பறவைக்கு அச்செய்தி எப்படி எட்டும்? 2016ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைக் கண்கூடாகக் காட்டியது. தைமிர் தீபகற்பத்தில் முட்டையிட்டு மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலம் கழிக்கும் உள்ளான் இனம் ஒன்று உண்டு. பனி முந்தி உருகிய வருஷங்களில் பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்து, அலகும் குட்டையாக வளர்ந்தன. ஆப்பிரிக்கக் கரையில் மணலுக்குள் ஆழ இருக்கும் சிப்பியைக் குட்டை அலகால் எட்ட முடியவில்லை. சைபீரியாவில் பட்ட கடனை ஆப்பிரிக்காவில் அவை அடைத்தன. மேலே சொன்ன வளைந்த அலகுப் பறவையை 2024ஆம் ஆண்டில் அழியக்கூடிய இனங்களின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றிவிட்டார்கள்.

நாம் செய்த பிழை

துருவத்துப் பனிக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமே. ஆனால் பிரயாணத்தின் இந்தக் கோடி நம் கையில் இருக்கிறது. இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ஏனெனில் பிழை செய்தவர்களில் நாமும் ஒருவர்.

மூன்று வருஷங்களுக்கு முன் நம் கண்மாயைத் தூர் வாரினார்கள். நல்ல காரியம். கரம்பை மண் வயல்களுக்குப் போயிற்று; தண்ணீர் அதிகம் நின்றது. நாமும் மாணவர்களை அழைத்துப் போய்க் கூடை சுமந்தோம். உற்சாகத்தில், கண்மாயின் உள்வாயை எல்லாப் பக்கமும் ஒரே ஆழமாக, சுவர்போல் செங்குத்தாக வெட்டச் சொன்னவர்களுக்கு நாமும் தலையாட்டினோம். அந்த வருஷம் கண்மாய் அழகாக நிறைந்தது. கொக்கும் நாரையும் வந்தன. கொசு உள்ளான் ஒன்றுகூட வரவில்லை. விரல் உயரமே உள்ள கால்களை வைத்துக்கொண்டு, நாலடி ஆழத் தண்ணீரில் அது எங்கே நிற்கும்?

அடுத்த இரண்டு மழைக்காலங்களில் சிறுமலை ஓடை கொண்டுவந்த வண்டல் மேற்கு மூலையில் படிந்தது. அங்கே பழையபடி ஒரு சரிவு உண்டாயிற்று. தண்ணீர் வற்ற வற்றச் சேறு அங்குலம் அங்குலமாக வெளிப்பட்டது. இந்தச் சித்திரையில் நாம் பார்த்த பறவைகள் அந்த மூலையில்தான் இருந்தன. எண்ணிப் பார்த்தோம், முப்பத்தொன்று.

இப்போது அந்த மூலையையும் வெட்டிச் சதுரமாக்க வேண்டும் என்ற பேச்சு ஊரில் நடக்கிறது. விவசாயிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? மடைப் பக்கம் இன்னும் ஆழமாக வெட்டட்டும். ஓடை வந்து சேரும் அந்த மூலையை மட்டும் சரிவாகவே விட்டுவிடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களை வணக்கமாய்க் கேட்டிருக்கிறோம். தண்ணீர் பாய்ச்சும் பெரியவர் நம் பக்கம் பேசினார். "சரிவு இருந்தாத்தான் மாடு இறங்கித் தண்ணி குடிக்கும்" என்றார். நாம் படித்த புத்தகங்களில் இல்லாத நியாயம் அது. ஆனால் சபையில் அதற்குத்தான் மதிப்பு அதிகம். முடிவு இன்னும் ஆகவில்லை.

சித்திரை இருபதாம் தேதி காலை போய்ப் பார்த்தபோது சேறு காலியாக இருந்தது. பெரியவர் சொன்னபடி, அக்கினி நட்சத்திரத்துக்கு ஒரு நாள் முந்தி. இவ்விதழ் நேயர்கள் கைக்கு வரும் ஆனி மாதத்தில், அந்த முப்பத்தொன்றில் எத்தனை போய்ச் சேர்ந்தனவோ, அத்தனையும் அஸ்தமிக்காத சூரியனுக்குக் கீழே முட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கும். வாடிப்பட்டியில் நாம் விளக்கை அணைத்துப் படுக்கும் நேரத்திலும் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்ட பையன் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறான். 'போன தேதி' என்ற கட்டத்தை நிரப்பிவிட்டான். 'வந்த தேதி' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மழை பெய்து, கண்மாய் நிறைந்து, சரிவும் மிஞ்சியிருந்தால், அதை நிரப்பும் நாளில் நேயர்களுக்கும் தெரிவிக்கிறோம்.